ஐந்தாம் கலவையில் ஒரு பள்ளம்

வண்டலூர் மிருகக்காட்சி சாலையைத் தாண்டி, பெருங்களத்தூரை நோக்கிப் பாதி தூரம் நடந்த பிறகுதான் சட்டைப் பையில் ஏதோ குத்துவதை உணர்ந்தேன். எடுத்துப் பார்த்தால் ஆய்வுக்கூடத்து இடுக்கி. நுனி வளைந்தது, வெளிநாட்டுச் சரக்கு. திருப்பிக் கொடுக்கப் போகலாமா என்று சாலை ஓரத்தில் ஒரு நிமிடம் நின்றேன். வாசல் காவலாளி அரை மணி நேரத்துக்கு முன்புதான் என் அடையாளச் சீட்டை வாங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டிருந்தார். உள்ளே விடமாட்டார். அவரிடம் கொடுத்து அனுப்பினால் மூக்கு முடி பிடுங்க வைத்துக்கொள்வார். எனவே இடுக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.

இடங்களை விட்டுக் கிளம்புவதில் எனக்குப் பழக்கம் உண்டு. குரோம்பேட்டைத் தோல் பதனிடும் கொட்டகை, பல்லாவரம் கல்குவாரி, பெங்களூரில் ஒரு சலவைக்கடை, இரண்டு லாரிகள், ஒரு டூரிங் கொட்டகை என்று எல்லாவற்றிலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். சிலவற்றிலிருந்து துரத்தினார்கள், சிலவற்றிலிருந்து நானே ஓடினேன். எதற்கும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று மட்டும் கால் சரியாக விழவில்லை. எனக்குப் பின்னால், அந்தக் குளிரூட்டிய அறையில், ஜெசிந்தா என்ற ஆராய்ச்சி மாணவி பன்னிரண்டு நாட்களில் முப்பத்தாறு சோதனைகளைத் தனியாக முடிக்க வேண்டியிருந்தது. முடியாவிட்டால் அவருடைய ஐந்தரை வருடப் படிப்பு வீண். அவரை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது நான்.

இதை எழுதக் காரணம் ஒரு இயந்திரக் கை. நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற சோதனைக்கூடத்தில் புதிய கருவி வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சின்னக் கை இருக்கிறது. அதுவே தட்டை எடுக்கிறது, உலைக்குள் வைக்கிறது, முடிந்ததும் எடுத்துப் போடுகிறது. போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது அங்கே வேலை செய்யும் பையன்கள், "அப்பல்லாம் யாரு சார் தட்டு வெப்பாங்க?" என்று கேட்டார்கள். நான்தான் வைப்பேன் என்றேன். "போர் அடிக்காதா?" என்றான் ஒருவன். அவனுக்கான பதில் இது.

நான் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்தது எண்பதுகளின் நடுவில், வாயு சிலிண்டர் இறக்கும் ஆளாக. ஆர்கான் சிலிண்டர் ஓர் ஆள் உயரம் இருக்கும். அதைச் சாய்த்து, அடி விளிம்பில் நிற்க வைத்து, குடித்தவனை வீட்டுக்குக் கூட்டிப்போவதுபோல் தோளில் அணைத்து நடத்திக்கொண்டு போக வேண்டும். ஆய்வுக்கூட வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சீதாபதி சார், அந்தப் பிரிவின் தலைவர்.

"எவ்வளவு படிச்சிருக்க?"

"எட்டாவது சார்."

"பாஸா?"

"பாதி சார்."

"எந்தப் பாதி?"

"முதல் பாதி."

சிரிக்கவில்லை. "ஒரு தடவைகூட எங்கயும் இடிக்கல நீ," என்றார். அடுத்த வாரம் தினக்கூலியாக என்னைச் சேர்த்துக்கொண்டார். என் பெயர் மாசிலாமணி. அவர் என்னை நான்கு வருடம் 'சிலிண்டர்' என்றுதான் கூப்பிட்டார்.

முதல் இரண்டு வருடத்தில் நான் கற்றதைச் சொல்ல அதிக இடம் வேண்டாம். தொடாதே என்று சொன்னதைத் தொடவில்லை. தொடு என்று சொன்னதை இடுக்கியால் தொட்டேன்.

அங்கே செய்துகொண்டிருந்தது இதுதான். இரும்பு, நிக்கல், பாஸ்பரஸ், போரான் என்று நாலைந்து சரக்கை உருக்கி, அடியில் துளை உள்ள குவார்ட்ஸ் குழாய்க்குள் வைப்பார்கள். கீழே ஒரு செப்புச் சக்கரம் பேய் வேகத்தில் சுற்றும். மேலிருந்து ஆர்கான் அழுத்தம் கொடுத்ததும் உருகிய உலோகம் துளை வழியாகச் சக்கரத்தின் மேல் பாயும். தொட்ட கணத்தில் உறைந்து, நாடாவாக எதிர்ப்பக்கம் பறக்கும். எல்லாம் ஒரு தும்மல் நேரம். நாடா சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் அளவுக்கு மெல்லிசாக இருக்கும், ஆனால் சவரக் கத்தியைப் போல் விரலை அறுக்கும்.

அந்த நாடாவில் என்ன விசேஷம் என்று நான் கேட்டபோது ஜெசிந்தாதான் சொன்னார். அவர் கடப்பேரிக்காரர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன்.

"தாம்பரம் பஸ் ஸ்டாண்ட்ல சாயங்காலம் கூட்டத்தப் பாத்திருக்கீங்கல்ல அண்ணா? ஆளாளுக்கு ஒரு பக்கம் நிப்பாங்க. அப்படியே திடீர்னு எல்லாரையும் உறைய வெச்சிட்டா எப்படி இருக்கும்? அதான் இது. சாதாரண உலோகத்துல அணுக்கள் மெதுவா குளிரும்போது வரிசையில போய் நின்னுடும். இதுல நிக்க டைம் குடுக்கல."

"அப்புறம்?"

"மறுபடி சூடு பண்ணினா, ஒரு கட்டத்துல அதுங்களுக்கு நகர வழி கெடைக்கும். உடனே வரிசையில போய் நிக்கும். நிக்கும்போது வெப்பத்த வெளிய விடும். அந்த வெப்பத்தத்தான் நம்ம மெஷின் புடிக்குது."

தாம்பரத்தில் சூடு ஏறினால் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் மற்றது புரிந்தது.

கருவிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அலுமினியத் தட்டுகள் உட்காரும். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. ஒன்றில் நாடாத் துண்டு, மற்றது காலி. இரண்டையும் ஒரே வேகத்தில் சூடாக்கினால், நாடா வைத்த தட்டு எப்போது அதிகமாக வெப்பம் விடுகிறது, எப்போது இழுத்துக்கொள்கிறது என்பதைப் பேனா ஒரு காகிதச் சுருளில் கோடாகப் போடும். வெப்பம் விட்டால் கோடு மேலே ஏறி மலை. வெப்பத்தை இழுத்தால் கீழே இறங்கிப் பள்ளம். அணுக்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் பெரிய மலை வரும். நிமிடத்துக்கு ஐந்து டிகிரி, பத்து, இருபது, நாற்பது என்று நான்கு வேகத்தில் ஓட்டுவோம். வேகம் கூடக்கூட மலை தள்ளித்தள்ளி வரும். எவ்வளவு தள்ளி வருகிறது என்பதை வைத்து அந்த அணுக்களுக்கு எவ்வளவு உந்துதல் தேவை என்று கணக்குப் போடுவார்கள்.

என் வேலை தட்டு. நாடாவைத் துண்டாக்கி, அசிட்டோனில் கழுவி, தராசில் நிறுத்து, தட்டில் அடுக்கி, மேலே மூடி வைத்து, கைப்பிடியை அழுத்தி விளிம்பை மடக்க வேண்டும். தராசில் நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும், மூச்சையும் நிறுத்த வேண்டும். தராசு அறைக்குக் குளிரூட்டி கிடையாது. மே மாதத்தில் அந்த அறைக்குள் இருபது நிமிடம் நின்றவனுக்கு நரகத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே வைத்துத்தான் சீதாபதி சாரின் குணம் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் நூறு டிகிரியில் பேனா சின்னதாகக் கீழே இறங்கியது. நான் ஓடிப்போய், "சார், இந்தக் கலவைல நூறுல என்னவோ இருக்கு," என்றேன்.

நிதானமாக எழுந்து வந்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை, என் நெற்றியைப் பார்த்தார்.

"பாத்தியா, நெனைச்சியா?"

"என்ன சார்?"

"கலவைல என்னவோ இருக்குன்னியே. அதப் பாத்தியா, நெனைச்சியா?"

"பேனா எறங்குனதப் பாத்தேன் சார்."

"அத மட்டும் சொல்லு. நூறு டிகிரில ஆவியாகிறது என்ன?"

"தண்ணி சார்."

"தட்டுக்குள்ள தண்ணி எங்கேர்ந்து வந்தது?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். என் வேர்வை அந்தத் தட்டுக்குள் விழுந்து, அதற்கு ஒரு பள்ளமும் கிடைத்திருந்தது. அன்றிலிருந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் நிறுப்பேன். சார் யாரிடமும் இதே கேள்வியைக் கேட்பார். பக்கத்துப் பிரிவு விஞ்ஞானி, "இன்னிக்கு மழை வரும்," என்று சொன்னால்கூட, பாத்தீங்களா நெனைச்சீங்களா என்பார். அவருடன் யாரும் மதியம் சாப்பிட உட்காராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை.

ஜெசிந்தாவின் ஆராய்ச்சியில் ஐந்து கலவைகள். முதல் நான்கும் நன்றாக முடிந்தன. ஆனால் அவற்றைப் போலவே வேறு ஊர்களில் ஏற்கெனவே செய்து எழுதிவிட்டார்கள். கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்த ஐந்தாவதுதான் அவருடைய சொந்தச் சரக்கு. அதை நம்பித்தான் பட்டம்.

அந்த நேரம் பார்த்துச் செப்புச் சக்கரத்தைப் புதிதாகக் கடைந்து வாங்கினார்கள். கடைந்தவன் சரியாகக் கடையவில்லை. நாடா அலை அலையாக வந்தது. அலை அலையான துண்டு தட்டில் படிந்து உட்காராது. உட்காராவிட்டால் வெப்பம் ஒழுங்காகப் போகாது, மலை கோணலாக வரும். "சிலிண்டர், தட்டுல ஆடுது. பார்," என்று சார் மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். கடுகளவுக்கு நறுக்கி அடுக்கலாம். ஒரு தட்டுக்கே இரண்டு மணி நேரம் ஆகும்.

இங்கேதான் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். சுருக்கமான ஒன்றைத் தட்டையாக்க என்ன செய்வார்கள்? பெங்களூர் சலவைக்கடையில் எட்டு மாதம் நான் வேறென்ன செய்தேன்?

இரும்புலியூரில் என் அறைக்குக் கீழே புங்க மரத்தடியில் கபாலி தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கரி போட்ட பித்தளைப் பெட்டி. ஒரு காலை, நாடாத் துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் மடித்து அவனிடம் கொண்டுபோனேன்.

"இன்னாபா இது? பீடிக்கட்டு காயிதம் மாதிரி கீது?"

"ஆராய்ச்சி சாமான். நல்லா தட்டையா வரணும்."

"இதுக்குன்னே கவுருமெண்டுல சம்பளம் குடுத்து உன்ன வெச்சிக்கிறானுங்களா?"

"ஆமா."

"என்னிய ஏன் வெச்சிக்கல?"

துணியை விரித்து, பெட்டியை மேலே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். கால் மணி கழித்து வந்து எடுத்தபோது நாடா பலகைபோல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாம் கலவை முழுவதும், ஏழு மாதம், கபாலியின் பெட்டிக்கு அடியில் போய்த்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. கை கழுவிய தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தது என்று யாராவது சொல்வார்களா? அப்படித்தான் அது எனக்கு.

ஒன்றை மட்டும் கவனித்தேன். மற்ற நாடாக்களைக் காகிதம்போல் இரண்டாக மடிக்கலாம், உடையாது. ஐந்தாவதை நறுக்கும்போது சில துண்டுகள் பட்டென்று ஒடிந்தன. மாலிப்டினத்தின் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தட்டு ஓடிய அன்று பேனா இருநூற்றைம்பதுக்குக் கொஞ்சம் முன்பே மெல்லக் கீழே இறங்கி, ஒரு பள்ளம் போட்டு ஏறி, அப்புறம் வழக்கமான மலைக்குப் போனது. மறு தட்டிலும் அதே பள்ளம். முந்தைய நான்கு கலவைகளில் எதிலும் அது கிடையாது. சீதாபதி சார் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இப்படி ஒரு பள்ளம் இந்த மாதிரிக் கலவையில் வர வேண்டும் என்று அவர் பல வருடங்களுக்கு முன்பே எழுதி, வெளிநாட்டில் யாரோ நக்கலாகப் பதில் எழுதியிருந்தார்களாம். அன்று அவர் என்னிடம், "மாசிலாமணி, ரொம்ப சுத்தமான தட்டு," என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பள்ளத்தை வைத்து அவரும் ஜெசிந்தாவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுவே.

பிறகு கபாலியின் தங்கை மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம். வண்டியைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு ஒரு வாரம் காணாமல் போனான். அந்த வாரம் ஜெசிந்தாவுக்குக் கடைசியாக இரண்டு தட்டுகள் தேவைப்பட்டன. வேறு வழியில்லாமல் கடுகளவுக்கு நறுக்கி அடுக்கிக் கொடுத்தேன். பள்ளம் வரவில்லை. கோடு நேராகப் போய் மலையில் ஏறியது.

"அண்ணா, நாடா மாத்தி எடுத்துட்டீங்களா?"

"இல்ல மேடம். அதே சுருள்தான்."

இன்னொரு தட்டு செய்தேன். அதிலும் இல்லை. ஜெசிந்தா கருவியைச் சந்தேகப்பட்டு, இண்டியம் துண்டை வைத்து உருக்கிப் பார்த்தார். நூற்றைம்பத்தாறில் சரியாக உருகியது. கருவியில் குற்றமில்லை. அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. சுருளிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தேன். காகிதம்போல் மடிந்தது. டப்பாவில் பழைய இஸ்திரித் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை மடித்தேன். பட்டென்று இரண்டாகப் போனது. ஒரே சுருள், ஒரே மாலிப்டினம்.

கபாலி திரும்பி வந்ததும் ஒரு துண்டை இரண்டாக வெட்டி, பாதிக்கு இஸ்திரி போட்டு, பாதியை அப்படியே வைத்து, இரண்டையும் நானே கருவியில் ஓட்டினேன். போட்டதில் பள்ளம் இருந்தது. போடாததில் இல்லை. இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இஸ்திரியா?" என்றார்.

"ஆமா மேடம்."

"துணிக்குப் போடுற இஸ்திரி?"

"கரிப் பெட்டி மேடம். கரன்ட் இல்ல."

சுவரில் சாய்ந்துகொண்டார். அழுவார் என்று நினைத்தேன். "எல்லாமேவா?" என்றார். எல்லாமே என்றேன். இரண்டு காகிதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பள்ளம் எங்க ஆரம்பிக்குது பாருங்க," என்றார். "உங்க பெட்டியோட சூடு எவ்வளவு?"

"கபாலிகிட்ட கேட்டா, கை வெச்சா தோல் உரியும்பான்."

"அது எத்தன டிகிரின்னு நான் பாக்கணும்."

அடுத்த நாள் காலை வெப்பம் அளக்கும் கம்பியையும் கையடக்க மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு இருவரும் கபாலியின் வண்டிக்குப் போனோம். சேலையைச் செருகிக்கொண்டு ஜெசிந்தா வண்டிக்குப் பக்கத்தில் நின்று, துணி மடிப்புக்குள் கம்பியைச் செருகினார். கபாலிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாமா, என் பொட்டிக்கு ஜொரமா கீதா?"

"கொஞ்ச நேரம் அசைக்காதீங்க. வழக்கமா எப்படி வெப்பீங்களோ அப்படி வெச்சிட்டு டீ குடிக்கப் போங்க."

"டீக்குக் காசு டாக்டரம்மா தருவாங்களா?"

போய்விட்டு வந்தான். மீட்டர் இருநூற்று முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றது. பள்ளம் தொடங்கும் இடமும் அதை ஒட்டியேதான். ஜெசிந்தா மீட்டரை அணைத்துவிட்டு, சாலையில் போகிற பல்லவன் பேருந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாடாவுக்கு ஞாபகம் இருக்கு அண்ணா. இந்த வண்டில பட்ட சூட்ட அது அப்படியே வெச்சிருந்து நமக்குக் காட்டியிருக்கு. நாங்க அத மாலிப்டினம்னு எழுதிட்டோம்."

"சாருகிட்ட சொல்ல வேணாம்னா, நான் சொல்லல மேடம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கட்டுரையை யார் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்? யார் இன்னொரு கபாலியைத் தேடப் போகிறார்கள்?

"எங்கப்பா தண்டவாளத்துல விரிசல் பாத்தா செவப்புக் கொடி புடிக்கிற ஆளு," என்றார். "நான் பாத்துட்டேனே."

அன்று மதியமே இருவரும் சீதாபதி சார் அறைக்குள் போனோம். நான் முழுவதும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பாத்தியா, நெனைச்சியா?"

"பாத்தேன் சார். பாதிப்பாதியா வெட்டிப் பாத்தேன். மேடமும் வந்து அளந்து பாத்தாங்க."

இரண்டு காகிதங்களையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எத்தனையோ வருடமாக எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அந்தப் பள்ளத்திடம் மட்டும் அவர் கேட்கவில்லை. அது அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு மிகச் சாதாரணமான குரலில் பேசினார்.

"கட்டுரைய நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஜெசிந்தா, அந்த அத்தியாயத்த எடுத்துடு."

"எடுத்தா மிச்சம் ஒண்ணும் இல்ல சார். மறுபடி ஓட்டறேன். இஸ்திரி போடாத நாடா பதினெட்டு. நம்ம உலைல வெச்சு, சூட்டையும் நேரத்தையும் அளந்து பதப்படுத்தினது பதினெட்டு. பள்ளம் எதனால வருதுன்னே எழுதறேன்."

"ஒண்ணாந்தேதிலேர்ந்து மெஷின வேற பிரிவுக்குக் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் உன் ஃபெலோஷிப்பும் முடிஞ்சிடும்."

"பன்னெண்டு நாள் இருக்கு சார்."

"அலையா வர்ற நாடா. கடுகு மாதிரி நறுக்கணும். ஒரு ஆளால ஆகாது."

"மாசிலாமணி அண்ணா இருக்காரே."

"அவன் இல்ல," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மாதிரிய ஆய்வுக்கூடத்துக்கு வெளிய எடுத்துட்டுப் போய் வெளி ஆள்கிட்ட குடுத்திருக்க. ஏழு மாசம் ஒரு வார்த்த எழுதி வெக்கல. நாளைலேர்ந்து வராத."

அதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கொஞ்சம் சத்தமாகச் செய்திருப்பேன், அவ்வளவுதான்.

அப்படித்தான் பெருங்களத்தூர் வழியாக நடந்தேன். அறையில் மூட்டையைக் கட்டி, தாம்பரத்தில் மாலை ரயில் பிடித்து விழுப்புரம் பக்கம் போய்விடுவதாகத் திட்டம். அங்கே ஒரு கரும்பாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் நடக்க நடக்க ஒரு கணக்கு தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு தட்டு, பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று. ஜெசிந்தா கருவியைப் பார்த்துக்கொண்டால் தட்டு செய்ய முடியாது. தட்டு செய்தால் கருவி காத்துக் கிடக்கும். அதுவுமில்லாமல் அவர் மூடி மடக்கினால் நாலில் ஒன்று கோணும். நான் விட்டுப்போன மற்ற இடங்களில் எல்லாம் நான் கெடுத்ததைச் சரி செய்ய எனக்குப் பின்னால் எவனாவது வந்திருப்பான். இங்கே வர ஆள் இல்லை.

இரும்புலியூரில் கபாலி என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி தொங்குது? வேல பூட்ச்சா?"

"பூட்ச்சு."

"என் பொட்டியாலயா?"

"என்னாலதான். நாளைக்கு அந்த கேட்டுக்குள்ள போணும் கபாலி. வழி தெரியல."

"வேலய வுட்டுத் தொரத்துனவன் வூட்டுக்குள்ளயே போணுமா? இன்னா பேஜார்பா உன்னோட," என்றவன் ஒரு சேலையை மடித்து எடுத்தான். "இத்த முனியம்மா அக்காகிட்ட குடு. அது அங்கதான கேன்டீன் நடத்துது. டீ தூக்குறவன் பூட்டான்னு காலைலேர்ந்து பொலம்பிகினு கீது."

முனியம்மா அக்கா நிலையத்தின் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்தவர். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் சேலையை வாங்கி, மடிப்பைச் சரி பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"மெஷினு ஓட்டிகினு இருந்தவன்தான நீ? டீ தூக்குவியா?"

"தூக்குவேன்க்கா."

"நாலு மாடி. எறங்கி ஏறணும். லிப்ட்ல வுட மாட்டானுங்க."

"சரிக்கா."

"இன்னாத்துக்கு இந்த வேல உனக்கு? எதுனா லவ்வா?"

"இல்லக்கா. தட்டு மூடணும்."

அக்கா கத்தியை நிறுத்தி என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார். "டம்ளர் ஒடைச்சா உன் கணக்கு. காலைல ஆறு மணிக்கு வந்து நில்லு," என்றார்.

மறுநாள் காலை கேன்டீன் ஆட்களோடு வாசலில் நின்றேன். காவலாளி என் முகத்தைப் பார்த்தார், அக்கா கொடுத்த சீட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். சீட்டில் கையெழுத்து சரியாக இருந்தது. விட்டார்.

பத்தரை மணிக்குத் தூக்கையும் தம்ளர் கூடையையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் சீதாபதி சார் அறைக் கதவைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தார்.

"உன்ன வர வேணாம்னேனே."

"ஆமா சார். இது வேற வேல."

டீயை ஊற்றி மேசைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. பக்கத்து அறையில் ஜெசிந்தா மூடியை மடக்கும் சத்தம் கேட்டது. கைப்பிடி ஒரு முறை இறங்கியது, இன்னொரு முறை இறங்கியது. பிறகு தரையில் அலுமினிய மூடி ஒன்று விழுந்து உருண்டது. அது அவர் காதிலும் விழுந்தது.

"அடுத்த டீ எப்போ?"

"மூணரைக்கு சார்."

"நடுவுல?"

"பாத்திரம் கழுவணும் சார். பதினொன்னரைக்குள்ள முடிஞ்சிரும்."

தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். "பாத்திரம் கழுவின கைல எண்ணெய் இருக்கும்," என்றார், என்னைப் பார்க்காமல். "தட்டுகிட்ட போறதுக்கு முன்னாடி அசிட்டோன் போட்டுத் துடை. என்னென்ன பண்றியோ எல்லாத்தையும் நோட்ல எழுது. நேரத்தோட."

"சரி சார்," என்று தூக்கை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஆறு டீ. ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்றார்கள்.